தந்தியில் வந்த வினைச்சொல்

எனக்குப் பதினோரு வயதானபோது எங்கள் ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஊர் என்பதே நாற்பது வீடு. அதில் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம். கடத்தூருக்கும் மொரப்பூருக்கும் நடுவே, காற்று இந்தப் பக்கம் வீசினால் ரயில் சத்தம் கேட்கும், அந்தப் பக்கம் வீசினால் கேட்காது என்கிற தூரத்தில், ராகியும் நிலக்கடலையும் விளைகிற செம்மண் பூமி. இரண்டு மைல் நடந்தால் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டாம் என்று அப்பா சொன்னார். அனுப்பியே தீரவேண்டும் என்று நின்றவர் மாமா.

மாமா என்றால் அம்மாவுக்கு நேர் இளையவர். எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. யுத்தம் தொடங்கியதும் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய்விட்டார். முதல் லீவில் வந்தபோது பெங்களூரிலிருந்து எனக்கு ஓர் இங்கிலீஷ்–தமிழ் அகராதி வாங்கி வந்தார். காக்கி அட்டை, செங்கல் கனம். “இனிமே நான் இங்கிலீசுலதான் கடுதாசி போடுவேன். உங்க அத்தைக்கு நீதான் படிச்சிச் சொல்லணும்” என்று என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

மாமாவுக்குக் கோபம் வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். என்னிடம் வந்ததில்லை. அவர் லீவில் இருக்கும் நாட்களில் அத்தை ஒன்றிரண்டு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் சுருண்டு படுத்துக்கொள்வாள். அம்மா எதுவும் கேட்கமாட்டாள். ஒருமுறை அத்தையின் தோளுக்குக் கீழே நீளமான தழும்பு இருந்ததைப் பார்த்து என்ன என்று கேட்டேன். “அடுப்புல பட்டுடுச்சு கண்ணு” என்றாள். அடுப்பு எப்படி அவ்வளவு மேலே எட்டும் என்று யோசித்தது நினைவிருக்கிறது. யோசித்து முடித்ததாக நினைவில்லை.

அந்த ஆடி மாதம் காற்று ஓயவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தந்தி வந்தது. தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவில் நுழைந்ததும், கடுதாசி நாள் இல்லையே என்று வீட்டுக்கு வீடு தலை எட்டிப் பார்த்தது. அவர் அத்தை வீட்டு வாசலில் நின்றார். அத்தை முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை நீட்டிய தபால்காரர், “தந்திங்க. இங்கிலீசுல இருக்குது. படிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அகராதியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உண்மையைச் சொன்னால், எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. மாமாவின் பெயரும் நம்பரும் இருந்தன. பர்மா என்றும் இருந்தது. கடைசியில் நின்ற சொல்தான் புரியவில்லை. மிஸ்ஸிங். எனக்குத் தெரிந்த மிஸ், கொண்டை போட்டுக்கொண்டு எங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா. வினைச்சொல்லின் பின்னால் ‘இங்’ வந்தால் ‘கொண்டிருக்கிறான்’ என்று சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். அகராதியில் ஒரு சொல்லுக்குப் பல அர்த்தம் இருந்தால் முதலில் இருப்பதை எடுத்துக்கொள், அதுதான் முக்கியமானது என்பதும் அவர் பாடம்தான். விரலை வைத்துத் தேடினேன். மிஸ்: தவறு. அதற்கப்புறமும் இரண்டு வரிக்கு ஏதேதோ இருந்தது. நான் முதலாவதோடு நிறுத்திக்கொண்டேன்.

தவறிக்கொண்டிருக்கிறார். மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பேச்சாக வரவில்லை. யாரும் அப்படிப் பேசுவதில்லை. அதனால் திருத்தினேன்.

“மாமா தவறிட்டாருன்னு போட்டிருக்குது” என்றேன்.

நான் சொன்னது குறி தவறியதைப்போல, ரயிலைத் தவறவிட்டதைப்போல ஏதோ ஒன்று. எதைத் தவறவிட்டார் என்று அடுத்த வரியில் இருக்கும் என்று கண் தேடிக்கொண்டிருந்தது. அதற்குள் அம்மா மார்பில் அறைந்துகொண்டு மண்ணில் விழுந்தாள். தெரு முழுவதும் ஒரே குரலாக ஓலமிட்டது. அப்போதுதான் எங்கள் ஊரில் அந்தச் சொல்லை எதற்குச் சொல்வார்கள் என்பது எனக்கு உறைத்தது. பெரியவர்கள் அழுகிறார்களே, அப்படியானால் அதுதான் அர்த்தமாக இருக்கும் என்று நினைத்து நானும் அழுதேன்.

அத்தை அழவில்லை. முறத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். காற்றில் உமி பறந்து அவள் தலைமேல் படிந்தது. பிறகு உள்ளே போனாள். கதவு சாத்தியிருந்தது. வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். நெற்றிக் குங்குமத்தை அவளே அழித்திருந்தாள்.

மூன்றாம் நாள் டீச்சரம்மா துக்கம் கேட்க வந்தார். தந்தியை வாங்கிப் பார்த்தார். அத்தையோடு உள்ளே தனியாகக் கொஞ்ச நேரம் பேசினார். போகும்போது என் தலையைத் தொட்டார்.

உடல் இல்லாததால் வைக்கோலில் ஓர் ஆள் செய்தார்கள். அதற்கு மாமா விட்டுப்போயிருந்த காக்கிச் சட்டையைப் போட்டு, ஏரிக்கரையில் படுக்கவைத்துத் தீ வைத்தார்கள். வைக்கோல் சட்டென்று பிடித்து எரிந்ததில் ஒரு கை மெல்ல மேலே எழும்பி, மடங்கி விழுந்தது. பக்கத்திலிருந்த ஆண்கள் பின்னால் நகர்ந்தார்கள். பதினாறாம் நாள் விடிவதற்கு முன் அத்தைக்குச் செய்யவேண்டியதைக் கிணற்றடியில் செய்தார்கள். என்னைப் பார்க்க விடவில்லை. அன்று உச்சிவேளையில் வாழையிலையில் சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிட்டார்கள். புளியமரம் நிறையக் காக்கைகள் இருந்தன. ஒன்றும் இறங்கவில்லை. வெயில் மேற்கே சாய்ந்த பின்னும் இறங்கவில்லை. “மனசுல ஏதோ கொறை வெச்சிட்டுப் போயிருக்கான்” என்று யாரோ சொன்னார்கள். கடைசியில் சோற்றைப் பசுமாட்டுக்கு வைத்தார்கள். மாடு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல் வந்தது. டீச்சரம்மா பலகையில் எழுதியதும், மிஸ்ஸே மிஸ் என்று எழுதுகிறார் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் ஒவ்வொரு வாக்கியமாக எழுதித் தமிழில் சொன்னார். அவன் ரயிலைத் தவறவிட்டான். அம்மா பக்கத்தில் இல்லாதது எனக்கு ஏக்கமாக இருக்கிறது. எங்கள் ஆட்டைக் காணவில்லை. மூன்றாவது வாக்கியத்தில் ‘மிஸ்ஸிங்’ இருந்தது. எழுதி முடித்தவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். உடனே அந்த வாக்கியத்தை மட்டும் உள்ளங்கையால் அழித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார்.

காணவில்லை. காணாமல்போன ஆடு செத்த ஆடு இல்லை என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அது எங்காவது மேய்ந்துகொண்டிருக்கும். சாயங்காலம் தானாக வந்தாலும் வரும்.

வீட்டுக்கு நடந்து வந்த அந்த இரண்டு மைலும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் யாரோ வருகிற மாதிரியே இருந்தது. உயிரோடிருக்கிற ஆளுக்குக் கொள்ளி வைத்துவிட்டோம். உயிரோடிருக்கிற ஆளுக்குச் சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிட்டோம். ஊரில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். சொல்லியிருக்கலாம். தினமும் சொல்ல வாயெடுத்தேன். எதிர்வீட்டில் அத்தை வெள்ளைச் சேலையோடு நடமாடுவதைப் பார்த்ததும் திரும்பி வந்துவிடுவேன். அகராதியைத் துணியில் சுற்றி ராகிக் குதிருக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஆனாலும் நான் திருத்தி ஒதுக்கிய அந்த முதல் வாக்கியம் மட்டும் மத்தியான வேளைகளில் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. தவறிக்கொண்டிருக்கிறார். செத்தும் முடியாமல், வந்தும் சேராமல், எங்கோ ஒரு காட்டில் அந்தச் சொல்லுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறார்.

அத்தைக்கு என்னவோ உடம்பு தேறியது. கன்னம் பூரித்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருமை போயிற்று. ஒருநாள் உச்சிவெயிலில் தெருவே அடங்கிக் கிடந்தபோது சாத்திய கதவுக்குப் பின்னால் அவள் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குடத்தோடு போன இரண்டு பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அன்று சாயங்காலம் ஊருக்குள் பேச்சு பரவியது. அவன் வந்துபோகிறான். காக்கை சோறு எடுக்கவில்லை அல்லவா, போக மனமில்லாமல் பெண்டாட்டியிடம் வந்துபோகிறான். இல்லாவிட்டால் தாலியறுத்தவள் முகத்தில் இத்தனை களை எங்கிருந்து வரும்?

அத்தை வீட்டு நிலைப்படியில் இரும்பு ஆணி அடித்தார்கள். வேப்பிலை செருகினார்கள். அவள் தடுக்கவில்லை. ஆணி அடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், “இன்னும் ஒண்ணு அடிங்க” என்றாள்.

மூன்றாம் வருஷம் பங்குனியில், நான் வயதுக்கு வந்து பள்ளிக்கூடம் நின்றிருந்த சமயம், ஆடு மேய்க்கிற ஒரு பெண் ஏரிக்கரையிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். வைக்கோல் ஆளை எரித்த இடத்தில் அவன் நிற்கிறான் என்றாள். காக்கிச் சட்டை, தலையில் முடியே இல்லை, ஊரைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறான். மறுநாள் வண்டி ஓட்டி வந்த ஒருவரும் பார்த்தார். ஏரிக்கரைப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தானாம். கையை உயர்த்தியிருக்கிறான்; இவர் மாட்டை அடித்துப் பறந்து வந்துவிட்டார். அதற்குப்பின் யாரும் ஏரிக்கரைப் பக்கம் போகவில்லை. ஆடுகள் பட்டியிலேயே கத்திக்கொண்டு கிடந்தன. ஊர் பயந்தது அவர் செத்துவிட்டார் என்பதால். நான் பயந்தது அவர் சாகவில்லை என்பதால்.

மூன்றாம் நாள் உச்சிவேளையில் அவர் தெருவுக்குள் வந்தார்.

ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் முதலில் கேட்டது. அந்தச் சத்தம் தெருக்கோடியிலிருந்து எங்கள் வீட்டை நோக்கி வந்தது. நாய்கள் குரைக்கவில்லை. அம்மா தாழ்ப்பாளைப் போட்டுக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். வெளியே காலடி நின்றது.

“அக்கா.”

அம்மா என் வாயைப் பொத்தினாள். முதல் குரலுக்குப் பதில் சொன்னால் கூப்பிட்டவனோடு போய்விடுவோம் என்பது ஊர் நம்பிக்கை.

“அக்கா, நாந்தான். மூணு நாளா ஏரிக்கரையிலேயே கெடக்குறேன். என்னப் பாத்து எல்லாரும் ஓடுறாங்க. கொஞ்சம் தண்ணி குடுக்கா.”

நான் அம்மாவின் கையை விலக்கினேன். எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பேய் தாகமென்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகச் சுற்றிப் போனேன். வெயிலில் எலும்பும் தோலுமாக ஒருவர் நின்றிருந்தார். முதலில் பாதத்தைப் பார்த்தேன். பூட்ஸ் தரையில்தான் இருந்தது. ஒன்றைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார். சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. பாதித் தண்ணீர் மார்பில் வழிந்து மண்ணை நனைத்தது.

“மாமாதாம்மா!” என்று கத்தினேன். “தண்ணி குடிக்கிறாரும்மா!”

எங்கள் கதவு திறந்தது. அம்மா ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் ஒரு விரற்கடை திறந்திருந்தது. இருட்டில் ஒரு கண் தெரிந்தது. பிறகு அது மெதுவாக, கிரீச்சென்ற சத்தம்கூட இல்லாமல், சாத்திக்கொண்டது.

கருமாதி முடிந்தவன் வாசல் வழியாக வீட்டுக்குள் போகக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். திரும்பப் பிறக்கவேண்டுமாம். மறுநாள் கூரையைப் பிரித்து, மாமாவின் இடுப்பில் கயிறு கட்டி, மேலிருந்து வீட்டுக்குள் இறக்கினார்கள். உள்ளே பெண்களோடு நானும் நின்றேன். பிரித்த கூரை வழியாக வெயில் தூண் மாதிரி விழுந்தது. அதில் தூசி சுழன்றது. முதலில் பூட்ஸ் தெரிந்தது, பிறகு மெலிந்த கால்கள். அத்தை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். இன்னும் பின்னால் போக இடமில்லாதபோதும் அவள் குதிகால் சுவரை உந்திக்கொண்டே இருந்தது. கீழே இறங்கியவருக்குக் குழந்தைக்குப் புகட்டுவதைப்போலச் சங்கில் பால் புகட்டினார்கள்.

ஐந்தாம் நாள் மறுபடியும் தாலி கட்டினார்கள். பெண்கள் எல்லோரும் அத்தையைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். “போன தாலி திரும்பி வர்றதுன்னா சும்மாவா? நீ புண்ணியவதி ஆத்தா” என்றாள் ஒரு கிழவி. அத்தை தலை குனிந்திருந்தாள். தலையில் வைத்த பூ மட்டும் காற்றில்லாத அறையில் ஆடிக்கொண்டிருந்தது.

மாமா பழைய மாமா இல்லை. ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, தப்பித்து, மலைக்காடுகளில் கிடந்து வந்தவர் என்று சொன்னார்கள். அவர் நாள் முழுதும் வாசலில் குந்தியிருப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “எனக்கு எந்த மாசம் சோறு வெச்சீங்க?” என்று கேட்டார்.

“ஆவணி பொறந்து கொஞ்ச நாளுங்க மாமா. உச்சி வேளையில.”

விரல்களை மடக்கி எதையோ எண்ணினார். “சரியாத்தான் இருக்குது” என்றார். “காட்டுல எலையத் தின்னுக்கிட்டுக் கெடந்தேன். அடமழை. ஒரு மத்தியானம் திடீர்னு சோத்து வாசன வந்துச்சு. வயிறு நெறஞ்சி ஏப்பமே வந்துச்சு. சுத்திப் பாத்தா ஆளில்ல.” கொஞ்சநேரம் மண்ணைக் கிளறினார். “அன்னிக்கிப் போன பசிதான். இன்னிவரைக்கும் எனக்குப் பசிக்கல.”

வீட்டுக்குள் அத்தை பாத்திரம் கழுவுகிற சத்தம் அந்த நிமிஷம் நின்றது.

அவர் வந்து பன்னிரண்டு நாள் கழித்துத் தபால்காரர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். ஏதோ ஆஸ்பத்திரியிலிருந்து மாமா யாரிடமோ சொல்லி எழுதவைத்தது. தான் உயிரோடிருப்பதாகவும் விரைவில் வருவதாகவும் அதில் இருந்தது. கடிதம் முந்தி வந்திருந்தால் கதவுகள் சாத்தியிருக்காது. அதைப் படித்துச் சொன்னவளும் நான்தான். எழுதியிருந்தது தமிழில், அகராதி தேவைப்படவில்லை. படித்து முடித்ததும் இத்தனை நாள் அடைத்திருந்தது உடைத்துக்கொண்டது. எல்லாம் என் ஒரு சொல்லால் வந்தது. இனியும் சொல்லாமலிருந்தால் செத்துப்போவேன் என்று தோன்றியது.

அத்தை கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். சொல்வதற்கு முன்பே அழுகை வந்துவிட்டது.

“அத்த, நான் தப்பாச் சொல்லிட்டேன். தந்தியில தவறிட்டாருன்னு போடல. காணோம்னுதான் போட்டிருந்துச்சு. எனக்கு அப்பத் தெரியல. என்னாலதான் உங்களுக்கு...”

துணியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு ஈரக்கையால் என் முகத்தைத் துடைத்தாள். கை சில்லென்று இருந்தது.

“தெரியும் கண்ணு.”

எனக்குப் புரியவில்லை.

“டீச்சரம்மா மூணாம் நாளே சொல்லிட்டாங்க. காணோம்னுதான் எழுதியிருக்குது, அவசரப்பட்டு ஒண்ணும் செய்யாதீங்கன்னாங்க. ஊருக்கு நானே சொல்லிக்கிறேன், நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்கன்னு அவங்க கையப் புடிச்சிக் கேட்டுக்கிட்டேன்.”

“அப்ப ஏன் சொல்லல? பதினாறாம் நாளு நீங்க...”

அத்தை வீட்டுப் பக்கம் பார்த்தாள். மாமா வாசலில் எங்களுக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் குரல் அப்படியே கேட்கிறது; அதில் துக்கம் இல்லை, கோபமும் இல்லை.

“நீ அந்தச் சொல்லச் சொன்னியே, அன்னிக்கி. அப்ப எனக்கு மொதல்ல வந்தது அழுகையில்ல புள்ள.”

வேறென்ன வரும் என்று நினைத்துப் பார்த்தேன். துக்கச் செய்தி கேட்டவர்களுக்கு என்னென்ன வரும் என்பதில் எனக்குத் தெரிந்தது இரண்டுதான்.

“மயக்கமா அத்த?” என்றேன்.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு குனிந்து துணியை எடுத்தாள்.

“ஆமா கண்ணு, மயக்கந்தான்” என்றாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. துணியைக் கல்லில் ஓங்கியடிக்கிற சத்தம் பின்னால் கேட்க, துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.